பெயர் ஒன்று, ஆள் வேறு: ஒரே பெயர் கொண்டவர்களைப் பிரித்தறிவது ஏன் சிக்கலாகிறது?

2024 மக்களவைத் தேர்தலில் இராமநாதபுரம் தொகுதியில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாகப் போட்டியிட்டார். அதே தொகுதியில் பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே மேலும் ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். அவர்களுள் பலருக்கு முதலெழுத்தும் அதே 'ஓ'தான். செய்தியைப் படித்தவர்கள் பலரும் கேட்ட கேள்வி, இதைச் சட்டம் எப்படி அனுமதிக்கிறது என்பது. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு பெயர் ஓர் ஆளைச் சுட்டுகிறது என்று நாம் நம்புவதற்கு என்ன அடிப்படை? அதற்கு விடை கண்டால், தேர்தலில் மட்டுமல்லாமல் நூலகத்திலும் விமான நிலையத்திலும் தேடுபொறியிலும் ஒரே குழப்பம் ஏன் வெவ்வேறு உருவங்களில் வந்து நிற்கிறது என்பதும் புலப்படும்.

பெயர் தனித்து இயங்குவதில்லை

விளையாட்டுப் பக்கத்தில் 'மைக்கேல் ஜோர்டன்' என்று படிப்பவர், 1963இல் பிறந்த அமெரிக்கக் கூடைப்பந்து வீரரை நினைத்துக்கொள்கிறார். இயந்திரக் கற்றல் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் அதே பெயரைப் பார்ப்பவருக்கு, 1956இல் பிறந்த, பெர்க்லியில் பேராசிரியராக இருந்த கணினி அறிவியலாளர் நினைவுக்கு வருகிறார். இருவருக்கும் குழப்பம் ஏற்படவில்லை. காரணம், அவர்கள் பெயரை மட்டும் படிக்கவில்லை. அது எந்தப் பக்கத்தில், எந்தச் சொற்களுக்கு நடுவே வந்தது என்பதையும் சேர்த்தே படித்தார்கள். இந்தச் சேர்க்கையை இக்கட்டுரையில் 'சூழல்' என்று குறிப்பிடுவோம். ஒரே பெயரைத் தாங்கிய வெவ்வேறு ஆட்களைப் 'பெயரொத்தவர்கள்' என்போம்.

காலமும் இப்படிப்பட்ட ஒரு சூழல்தான். பிரான்சிஸ் பேக்கன் என்ற மெய்யியலாளர் 1626இல் இறந்தார். அதே பெயர் கொண்ட ஓவியர் 1909இல்தான் பிறந்தார். இடையில் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் இருப்பதால் எந்த வாசகரும் ஒருவரின் ஓவியத்தை மற்றவரின் கணக்கில் எழுதுவதில்லை. ஸ்டீவ் மெக்வீன்கள் சற்று நெருங்கி வருகிறார்கள். நடிகர் 1980இல் மறைந்தார்; 1969இல் பிறந்த இயக்குநர் 2014இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்றார். இருவரும் ஒரே துறையினர் என்பதால், 'ஸ்டீவ் மெக்வீன் படம்' என்று மட்டும் சொன்னால் கேட்பவர் ஒரு நொடி தயங்கத்தான் செய்வார்.

இதிலிருந்து பெறப்படுவது இது: ஆளை அடையாளம் காட்டுவது பெயரும் சூழலும் சேர்ந்த இணைதான். அந்த இணையிலிருந்து சூழல் கழன்றுவிடும் இடங்களில்தான் சிக்கல் முளைக்கிறது. வாக்கு எந்திரம், பெயர்ப் பட்டியல், நூலக அட்டவணை, தேடல் பெட்டி ஆகிய நான்கும் அத்தகைய இடங்கள்.

பெயர்கள் ஏன் இவ்வளவு எளிதில் மோதுகின்றன?

ஒரு சமூகத்தில் 1000 பெயர்கள் வழங்குகின்றன என்றும், ஒவ்வொன்றும் சம அளவில் வைக்கப்படுகிறது என்றும் கொள்வோம். ஓர் அறையில் எத்தனை பேர் கூடினால், அவர்களுள் யாரேனும் இருவருக்கு ஒரே பெயர் இருப்பதற்கான வாய்ப்பு பாதியைத் தாண்டும்? பலரும் 500 என்பார்கள். சரியான விடை 38. ஒருவரோடு ஒருவர் ஒப்பிடப்படும் இணைகளின் எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கையைவிட மிக வேகமாகப் பெருகுவதே இதற்குக் காரணம். 38 பேருக்குள் 703 இணைகள் உண்டு. உண்மையில் பெயர்கள் சம அளவில் வைக்கப்படுவதும் இல்லை. சீனாவில் வாங், லீ என்ற இரண்டு குடும்பப் பெயர்களை மட்டுமே தலா சுமார் 10 கோடிப் பேர் தாங்குகிறார்கள்.

எழுத்துமாற்றம் இந்த மோதலை மேலும் பெருக்குகிறது. சீன எழுத்தில் தெளிவாக வேறுபடும் பல பெயர்கள், உரோமன் எழுத்தில் 'ஜாங் வெய்' என்ற ஒரே வடிவத்துக்குள் அடங்கிவிடுகின்றன. தமிழில் எழுதும்போதும் இது நேர்கிறது. ஆங்கிலத்தில் இருவேறு எழுத்துக்கூட்டல் கொண்ட ஸ்டீவன்கள் தமிழுக்கு வந்ததும் ஒருவராகிவிடுகிறார்கள்; மூலத்தில் இருந்த வேறுபாட்டை நம் வாசகர் பார்க்கவே முடியாது.

பிரித்துக் காட்டும் நான்கு வழிகள்

பெயரொத்தவர்களைப் பிரிக்க மனிதர்கள் கையாண்ட வழிகளை நான்காக வகுக்கலாம். நான்கும் கழன்றுபோன சூழலைத் திரும்ப ஒட்டவைக்கும் முயற்சிகளே.

1. பெயரை நீட்டுதல். 1899இல் இலண்டனில் இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் என்ற 24 வயது இளைஞருக்கு, அவர் எழுதாத நாவல் ஒன்றுக்காகப் பாராட்டுகள் வந்துகொண்டிருந்தன. அந்த நாவலை எழுதியவர் அமெரிக்காவில் வாழ்ந்த இன்னொரு வின்ஸ்டன் சர்ச்சில், 1871இல் பிறந்தவர், அன்று இருவருள் புகழ்பெற்றவர் அவர்தான். பிற்காலப் பிரிட்டிஷ் பிரதமர், அந்த ஆண்டு ஜூன் 7 அன்று தம் பெயரொத்தவருக்கு ஒரு கடிதம் எழுதினார். 'திரு. வின்ஸ்டன் சர்ச்சில், திரு. வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு' என்று படர்க்கையிலேயே செல்லும் அந்த மடலில், இனித் தம் நூல்களில் வின்ஸ்டன் ஸ்பென்சர் சர்ச்சில் என்று கையொப்பமிடப்போவதாக அவர் தெரிவித்தார். அமெரிக்கர் அதே பாணியில் பதில் எழுதினார்: தமக்கு வேறு பெயர் ஏதேனும் இருந்திருந்தால் தாமும் அதைச் சேர்த்துக்கொண்டிருப்பார் என்றும், அப்படி ஒன்று இல்லை என்றும். பிரதமரின் நூல் அட்டைகளில் இன்றும் காணப்படும் நடு எழுத்தான 'எஸ்', இந்த உடன்பாட்டின் எச்சம். இவர்கள் விஷயத்தில் துறை கொண்டு பிரிக்கவும் வழியில்லை. இருவரும் நாவல் எழுதினார்கள், இருவரும் படைப் பயிற்சி பெற்றார்கள், இருவரும் அரசியலுக்கு வந்தார்கள். பெயர் நீண்டால்தான் தீர்வு என்ற நிலைக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

2. பெயரை மாற்றுதல். நடிகர் சங்கங்கள் சில, ஏற்கெனவே ஓர் உறுப்பினர் பதிந்திருக்கும் பெயரில் இன்னொருவர் நடிப்பதை ஏற்பதில்லை. மைக்கேல் கீட்டனின் இயற்பெயர் மைக்கேல் டக்ளஸ். அந்தப் பெயரில் வேறொரு நடிகர் இருந்ததால் இவர் மாற்றிக்கொண்டார். டேவிட் டென்னண்டின் கதையும் இதுவே. இயற்பெயர் டேவிட் மெக்டொனால்டு. பாடகர் டேவிட் போவி, டேவிட் ஜோன்ஸ் என்ற தம் பெயரை விட்டதற்குக் காரணம், டேவி ஜோன்ஸ் என்ற பாடகர் அப்போது பிரபலமாகிக்கொண்டிருந்ததே.

3. அடைமொழி சேர்த்தல். சங்கப் பாடல்களின் அடிக்குறிப்பில் இருக்கும் புலவர் பெயர்களை இந்தக் கண்ணோடு மீண்டும் படித்தால் சுவையான செய்தி ஒன்று கிடைக்கும். புறநானூற்றின் 60, 170ஆம் பாடல்களைப் பாடியவர் உறையூர் மருத்துவன் தாமோதரனார். 172ஆம் பாடலைப் பாடியவர் வடம வண்ணக்கன் தாமோதரனார். வண்ணக்கன் என்றால் நாணயத்தின் தரம் பார்ப்பவர். தாமோதரனார் என்று மட்டும் விட்டிருந்தால் இந்தப் பாடல்கள் எல்லாம் ஒருவர் கணக்கில் சேர்ந்திருக்கும்; தொழிலைக் குறித்த ஒரு சொல் இருவரையும் இன்றுவரை பிரித்து நிறுத்துகிறது. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் போன்ற நீண்ட பெயர்களை வெறும் சிறப்புப் பட்டங்களாக வாசிப்பது வழக்கம். ஊர், தொழில், தந்தை என்ற மூன்று புலங்கள் கொண்ட அட்டவணைப் பதிவுகளாக அவற்றை வாசிப்பதே பொருத்தம் என்று தோன்றுகிறது.

4. எண் வழங்குதல். இது இக்காலத்து வழி. நூலகப் பகுதியில் இதை விரிவாகப் பார்ப்போம்.

வாக்கு எந்திரத்தில் என்ன நடக்கிறது?

இப்போது தேர்தலுக்குத் திரும்பலாம். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வேட்பாளர்களுக்கு ஒரே பெயர் இருந்தால், தொழில் அல்லது வசிப்பிடம் அல்லது வேறு ஏதேனும் விவரத்தைச் சேர்த்து அவர்களை வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்கின்றன. மருத்துவன் தாமோதரனாருக்கும் வண்ணக்கன் தாமோதரனாருக்கும் தொகுப்பாளர்கள் செய்ததும் இதுதான். ஆனால் வாக்காளர் அந்த விவரத்தை நிதானமாகப் படிப்பதில்லை. பெயரையும் சின்னத்தையும் தேடிச் சில நொடிகளில் பொத்தானை அழுத்துகிறார்.

வேட்பாளர்களின் வரிசைமுறையும் இதில் பங்கு வகிக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதல் பிரிவாகவும், பதிவு பெற்று அங்கீகாரம் பெறாத கட்சிகளின் வேட்பாளர்கள் அடுத்த பிரிவாகவும், சுயேச்சைகள் கடைசிப் பிரிவாகவும் அச்சிடப்படுகிறார்கள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசை. எனவே பெரிய கட்சி வேட்பாளரின் பெயர் மேலே இருக்க, அவரது பெயரொத்த சுயேச்சை வெகு கீழே போய்விடுகிறார். புகழ்பெற்ற ஒருவர் தாமே சுயேச்சையாக நிற்கும்போது இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகிறது. பெயரொத்தவர்கள் எல்லோரும் அவரோடு ஒரே பிரிவில், அகரவரிசைப்படி அவருக்கு அண்டையிலேயே வந்து அமர்கிறார்கள். இராமநாதபுரத்தின் தனித்தன்மை இதுதான். பழகிய கட்சிச் சின்னமும் அவர் கையில் இல்லை. வரிசையும் அவருக்கு உதவவில்லை.

இதனால் முடிவுகள் மாறுமா? 2004இல் கேரளத்தின் ஆலப்புழை மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் வி.எம். சுதீரன் 1,009 வாக்குகளில் தோற்றார். முதலெழுத்து ஒன்றில் மட்டும் வேறுபட்ட இன்னொரு சுதீரன் 8,282 வாக்குகள் பெற்றிருந்தார். 2016இல் மஞ்சேசுவரம் சட்டமன்றத் தொகுதியில் பா.ஜ.க.வின் கே. சுரேந்திரன் 89 வாக்குகளில் தோற்றார். அவர் பெயரை ஒத்து ஒலிக்கும் பெயர் கொண்ட ஒருவருக்கு 467 வாக்குகள் விழுந்தன. வாக்கு இரகசியமானது என்பதால், இவற்றுள் எத்தனை தவறி விழுந்தவை என்று யாராலும் நிறுவ முடியாது. அந்த வேட்பாளருக்கென்றே தெரிந்து வாக்களித்தவர்களும் இருந்திருக்கலாம். வெற்றி வித்தியாசத்தைவிட அந்த எண் பல மடங்கு பெரிதாக இருக்கிறது என்பது மட்டுமே கணக்கு சொல்லும் உண்மை. எதிர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2014இல் சத்தீஸ்கரின் மகாசமுந்த் தொகுதியில் பா.ஜ.க.வின் சந்துலால் சாகுவோடு, அதே பெயரிலும் அதை ஒட்டிய பெயரிலும் பலர் நின்றும், அவர் 1,217 வாக்குகளில் தப்பிப் பிழைத்தார்.

பெயரொத்த வேட்பாளர்களைக் கட்டுப்படுத்தக் கோரிய மனு ஒன்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்கவில்லை. பெற்றோர் வைத்த பெயர் ஒருவரது தேர்தல் உரிமைக்குத் தடையாக முடியுமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. சட்டத்தின் நிலை சரியானதே. நோக்கத்தைப் பெயரிலிருந்து படிக்க முடியாது. ஆகவே மாற்றத்தை நிர்வாகத்தின் பக்கமிருந்தே எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. 2015 முதல் வேட்பாளரின் ஒளிப்படம் சேர்க்கப்பட்டது. 2025இல் அதை வண்ணப் படமாகவும், முகம் பெரிதாகத் தெரியும்படியும் அச்சிடத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. பீகார் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. பெயரால் முடியாத வேலையை முகத்திடம் ஒப்படைக்கும் ஏற்பாடு இது.

பட்டியலில் பெயர் மட்டும் இருந்தால்

2004இல் அமெரிக்க செனட்டர் எட்வர்டு கென்னடி, விமானமேறச் சென்றபோது பலமுறை தடுத்து நிறுத்தப்பட்டார். கண்காணிப்புப் பட்டியலில் இருந்த ஒருவர் பயன்படுத்திய மாற்றுப்பெயர் 'டி. கென்னடி' என்பதே காரணம். செனட்டரை ஊரே டெட் கென்னடி என்றுதான் அழைத்தது. பல பத்தாண்டுகள் செனட்டில் இருந்தவரின் முகம் கவுன்டரில் இருந்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆயினும் பட்டியலில் முகம் இல்லை; பிறந்த தேதி இல்லை; ஓர் எழுத்தும் ஒரு குடும்பப் பெயரும் மட்டுமே இருந்தன. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் செயலரிடமே நேரில் பேச முடிந்த அவருக்கும் இது தீர வாரக்கணக்கில் ஆயிற்று என்றால், அத்தகைய தொடர்பு இல்லாத பெயரொத்தவர்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. பின்னர் வந்த நடைமுறை, பயணியின் முழுப்பெயருடன் பிறந்த தேதியையும் பாலினத்தையும் கட்டாயமாக்கியது. கழன்ற சூழலை மீண்டும் பூட்டியதுதான் அந்தத் திருத்தம்.

நூலகங்களின் அனுபவம்: கலத்தலும் பிளத்தலும்

பெயரொத்தவர்களோடு மிக நீண்ட காலம் போராடி வந்தவர்கள் நூலக அட்டவணையாளர்கள். எலிசபெத் டெய்லர் என்ற ஆங்கில நாவலாசிரியரின் முதல் நாவல் 1945இல் வந்தது; அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான் அதே பெயர் கொண்ட சிறுமி ஒரு திரைப்படத்தால் உலகப் புகழ் பெற்றிருந்தாள். அட்டவணையில் ஒருவர் '1912–1975' என்றும் மற்றவர் '1932–2011' என்றும் குறிக்கப்படுகிறார்கள். ஆண்டுகள் அங்கே அடைமொழியாகின்றன.

இந்தத் துறையில் இரண்டு பிழைகள் உண்டு. ஒரே பெயர் என்பதால் இருவரை ஒருவராக்குவது கலத்தல். ஒருவரே திருமணத்துக்குப் பின்னும் முன்னும், முதலெழுத்தோடும் இல்லாமலும் எழுதியதால் அவரை இருவராக்குவது பிளத்தல். இரண்டும் தவறே என்றாலும் சம எடை கொண்டவை அல்ல. பிளந்த இரு பதிவுகளைப் பின்னர் ஒட்டிவிடலாம். கலந்துவிட்ட பதிவில், எந்த நூல் எவர் வழியாக உள்ளே வந்தது என்ற தடயமே அழிந்துபோயிருக்கும். ஐயம் இருந்தால் பிரித்தே வைப்பது நல்லது என்று நினைப்பதற்கு இதுவே காரணம்.

எண்கள் இந்த இரண்டையும் தடுக்க வந்தவை. படைப்பாளிகளுக்கான ஐ.எஸ்.என்.ஐ. எண் 16 இடங்கள் கொண்டது. 2012இல் தொடங்கிய ஆர்கிட் எண், ஆய்வாளர்களுக்கென்றே வழங்கப்படுவது. அதுவும் 16 இடங்கள் கொண்டதே. கடைசி இடம் முதல் 15 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவதால், ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் எண்ணே பொருந்தாமல் பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். பெயரில் அப்படி ஒரு வசதி இல்லை. ஓர் எழுத்து மாறினால் அது வேறொருவரின் சரியான பெயராகிவிடும். ஆர்கிட் எண்ணை ஆய்வாளர் தாமே பதிந்து பெறவேண்டும் என்பதால் மறைந்தவர்களுக்கு அது கிடையாது, ஐ.எஸ்.என்.ஐ.க்கு அந்த வரம்பு இல்லை.

தேடுபொறியும் மொழி மாதிரிகளும்

தேடல் பெட்டியில் பெயரை மட்டும் தட்டும்போது, சூழலை நாமே கழற்றிவிட்டுக் கொடுக்கிறோம். அதிகம் தேடப்படுபவரே முதலில் வருவார். மற்றவர் பின்னுக்குப் போவார். ஒருவரின் பிறந்த தேதியோடு இன்னொருவரின் படம் ஒட்டிக்கொள்வதும் நேர்கிறது. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளில் ஆபத்து இன்னும் நுட்பமானது. அவை சொற்கள் சேர்ந்து வரும் பாங்கிலிருந்து கற்பவை. ஒரே பெயரில் ஒருவரைப் பற்றி ஆயிரக்கணக்கான பக்கங்களும் மற்றவரைப் பற்றிச் சில பக்கங்களும் இருந்தால், புகழ் குறைந்தவரின் வாழ்க்கைக்குள் புகழ்பெற்றவரின் விருதுகள் வந்து புகுந்துவிடுகின்றன. வாக்கியம் பிசிறில்லாமல் இருப்பதால் கலப்பு வெளியே தெரிவதும் இல்லை.

வாசிப்பவர் செய்யக்கூடிய சோதனைகள் சில:

1. பெயரைத் தவிர, ஒன்றையொன்று சாராத இரண்டு விவரங்களாவது பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறந்த ஆண்டும் படைப்பும் பொருந்தினால் போதும். ஊர் மட்டும் பொருந்தினால் போதாது.
2. காலக்கணக்கு இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து வயதில் முனைவர் பட்டம், இறந்த பின் முதல் நூல் போன்றவை கலப்பின் அறிகுறிகள்.
3. படத்தைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. பெரும்பாலும் படமே பெயரைக் கொண்டு தேடி எடுக்கப்பட்டதாக இருக்கும்.

ஔவை எத்தனை பேர்?

இந்தச் சோதனைகளைத் தமிழின் மிகப் புகழ்பெற்ற பெயரொற்றுமையில் வைத்துப் பார்க்கலாம். மரபுக் கதைகளில் ஔவையார் ஒரே மூதாட்டி: அதியமான் நெடுமான் அஞ்சியிடம் நெல்லிக்கனி பெற்றவரும் அவரே, ஆத்திசூடி பாடியவரும் அவரே. சங்கத் தொகைநூல்களில் ஔவையார் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. நல்வழி என்ற நீதிநூலும் ஔவையார் பெயரில்தான் வழங்குகிறது. ஆனால் நல்வழியின் நாற்பதாம் வெண்பா, திருக்குறளோடு மூவர் தமிழையும் திருவாசகத்தையும் திருமூலர் சொல்லையும் ஒருங்கே வைத்துப் போற்றுகிறது. மூவர் என்போர் தேவாரம் பாடிய சம்பந்தர், அப்பர், சுந்தரர். சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர்கள். அதியமானின் அவைக்களத்தில் இருந்தவர், இன்னும் பிறவாத நூல்களைப் போற்றியிருக்க முடியாது. இரண்டாவது சோதனையிலேயே கலப்பு வெளிப்பட்டுவிடுகிறது.

இங்கே பிரிந்தது இருவர்தான். விநாயகர் அகவலும் ஔவைக்குறளும் பாடியவர் நீதிநூல் ஔவையிலிருந்து வேறானவரா என்பதில் அறிஞர்களின் கணக்கு ஒன்றுபடவில்லை. ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்கிறார்கள். நக்கீரர் விஷயத்தில் பிற்கால நூல்களின் ஆசிரியர் நக்கீரதேவ நாயனார் என்று வழங்கப்படுவதால் ஒரு பிடி கிடைக்கிறது; கபிலருக்கும் பரணருக்கும் அப்படியே. ஔவைக்கு அந்த அடைமொழியும் இல்லை. நூலக அட்டவணையாளர் ஒருவர் இன்று 16 இலக்க எண் வழங்க உட்கார்ந்தால், முதல் எண் எளிது, சங்கப் புலவருக்கு. இரண்டாவதும் எளிது. மூன்றாவது எண்ணை உருவாக்குவதா வேண்டாமா என்பதை அந்த எண் முறை அவருக்குச் சொல்லித்தராது. அகவலின் மொழிநடையையும் அதில் வரும் யோகக் கருத்துகளையும் நீதிநூல்களோடு பக்கத்தில் வைத்து, அவரே படித்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.